முந்நூறு யூரோச் சென்றும் முப்பத்தைந்து யூரோச் சென்றும்

எங்கள் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. பல்கலைக்கழகம் போகிற பிள்ளை ஒரு கறுப்புப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "அப்பா, முந்நூறு யூரோச் சென்றின்ரை அதே வாசம், முப்பத்தைஞ்சு யூரோதான்" என்கிறது. தகப்பனுக்கு இரண்டு சந்தேகம். முப்பத்தைந்துக்குக் கிடைக்கிற சாமானுக்கு மற்றவன் ஏன் முந்நூறு கேட்கிறான் என்பது ஒன்று. இது பொலிஸ் பிடிக்கிற சாமானோ என்பது மற்றது. இரண்டுக்கும் பதில் உண்டு. கணக்கு எழுதிப் பிழைக்கிற நாங்கள், கணக்கோடு சேர்த்தே அதைச் சொல்லப் பார்க்கிறோம்.

முதலில் மூன்று சாமானைப் பிரித்து வைக்க வேண்டும். அசல் என்றால் என்னவென்று தெரியும். போலி என்பது அசலின் பெயர், பெட்டி, மூடி எல்லாவற்றையும் அப்படியே போட்டு, தானே அசல் என்று சொல்லி விற்பது. மெட்ரோ வாசலில் துணிமேல் பரப்பி வைத்திருப்பது அநேகமாக இதுதான். மூன்றாவது, நகல். அதற்குத் தன்னுடைய சொந்தப் பெயர் இருக்கும், செய்தவனின் விலாசம் இருக்கும், பெட்டியும் வேறு. வாசம் மட்டும் இன்னொன்றைப் பார்த்துச் செய்தது. பிள்ளைகள் இதை 'டூப்' என்கிறார்கள். எங்கள் சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிறவரையும் டூப் என்றுதான் சொல்வோம். பொருத்தமான சொல்தான். குதிக்கிறவர் நாயகன் இல்லை, ஆனால் குதித்தது உண்மை.

எம்மவர் பெடியள் மத்தியில் அதிகம் அடிபடும் சோடியையே எடுத்துக்கொள்வோம். அசல், கிறீட் நிறுவனத்தின் அவென்ரஸ். 2010இல் வெளிவந்தது. நெப்போலியனை நினைத்துச் செய்ததாக அந்த நிறுவனம் சொல்லும். 100 மி.லீ. போத்தல் 300 யூரோவுக்கு மேலே போகும். நகல், ஐக்கிய அரபு எமிரேற்சின் ஸ்ரேர்லிங் நிறுவனம் ஆர்மாஃப் என்ற பெயரில் விற்கும் கிளப் டு நுயி இன்ரென்ஸ் மான். இது 2015இல் வந்தது. 105 மி.லீ. போத்தலை 35 யூரோ அளவில் வாங்கலாம். கடைக்குக் கடை விலை மாறும். பத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட என்று வைத்துக்கொண்டால் சரி.

இரண்டு பெட்டியிலும் சொல்லப்படும் வாசங்கள் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும். அன்னாசி, ஆப்பிள், காசிஸ் பழம், பேர்கமொட் என்கிற தோடை இனம். பிறகு பேர்ச் மரப் பட்டையின் புகை, மல்லிகை, றோசா, பச்சிலை. அடியில் கஸ்தூரி, அம்பர், வனிலா. நகலில் இவற்றுக்கு மேலே எலுமிச்சையும் சேர்கிறது. மூக்கு முதலில் பிடிக்கிற வித்தியாசமும் அந்த எலுமிச்சைதான்.

சென்ற் என்பது ஒரு வாசம் இல்லை, ஒரு வரிசை. விசிறியவுடன் பாரம் குறைந்த மூலக்கூறுகள் பறக்கும். எலுமிச்சை, தோடை வகை இந்தக் கூட்டம். கால் மணி, அரை மணியில் அது முடிந்துவிடும். அடுத்தது பூவும் பழமும் வாசனைச் சரக்கும். கடைசியில் நிற்பது மரம், கஸ்தூரி, அம்பர் போன்ற பாரமான கூட்டம். இது மணித்தியாலக் கணக்கில் நிற்கும், துணியில் நாள் கணக்கிலும் நிற்கும். கடையில் மணந்து பார்த்து உடனே காசு கட்டுகிறவர் முதற் கால் மணித்தியாலத்தைத்தான் வாங்குகிறார். மிச்ச எட்டு மணித்தியாலத்தை அவர் வீட்டுக்குப் போய்த்தான் அறிகிறார்.

அந்த முதற் கால் மணியில்தான் அசலும் நகலும் தெளிவாகப் பிரிகின்றன. அவென்ரஸின் அன்னாசி பழுத்த அன்னாசி. சாறு இருக்கிறது, கூர் இல்லை. புகை அதற்குப் பின்னால் மெல்ல வரும். ஆர்மாஃப்பில் எலுமிச்சை மூக்கைக் குத்தும். நிலம் துடைக்கிற மருந்தின் நினைவு வந்தால் உங்கள் மூக்கில் பிழை இல்லை. பலர் இந்த இடத்தில் முகத்தைச் சுழித்துவிட்டுப் போத்தலை மூடிவிடுகிறார்கள். பொறுத்திருந்தால் அரை மணித்தியாலத்தில் இரண்டும் நெருங்கி வரும். இரண்டு மணித்தியாலத்தில், பக்கத்துக் கதிரையில் இருக்கிறவருக்குப் பிரித்துச் சொல்வது கடினம். நகலில் புகை சற்றுக் கூட, பழம் சற்றுக் குறைவு. அசலில் ஒவ்வொரு கட்டமும் அடுத்ததற்குள் வழுக்கிப் போகும். நகல் படிப் படியாகத் தாண்டும். எங்கள் மூக்குக்கு இவ்வளவுதான் வித்தியாசம். இந்த 'இவ்வளவு' எத்தனை யூரோ பெறும் என்பது அவரவர் பாடு.

ஆச்சரியமான விஷயம், நகல்தான் பலருடைய தோலில் கூடுதல் நேரம் நிற்கிறது. போத்தலில் 'ஓ டு துவாலெற்' என்று எழுதியிருக்கும். அசலில் 'ஓ டு பர்ஃபம்'. வழமையாக முதலாவதில் வாசனைச் சரக்கு 5 முதல் 15 வீதம், இரண்டாவதில் 15 முதல் 20 வீதம் என்று சொல்வார்கள். ஆனால் இந்த அளவுகள் வழக்கமே தவிர, சட்டம் கட்டிப்போட்ட அளவுகள் அல்ல. எத்தனை வீதம் என்பதைவிட எந்தச் சரக்கு என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. மலிவான, பாரமான செயற்கை மரவாசச் சரக்கை அள்ளிப் போட்டால் சட்டை அடுத்த நாளும் மணக்கும். ஆகவே 'நெடுநேரம் நிற்கிறது, அதனால் தரமானது' என்பது பிழையான கணக்கு. அதே போல 'விலை கூட, அதனால் நெடுநேரம் நிற்கும்' என்பதும் பிழை.

சரி, இன்னொருவன் செய்த வாசத்தை எப்படிப் பார்த்து எழுதுகிறார்கள்? அதற்கு ஒரு கருவி இருக்கிறது. ஒரு துளியை ஆவியாக்கி, தலைமயிரைப் போல மெல்லிய, பல பத்து மீற்றர் நீளமான சுருட்டிய குழாய்க்குள் அனுப்புவார்கள். உள்ளிருக்கும் பொருட்கள் ஒன்றுபோல ஓடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் வேகத்தில் மறுமுனைக்கு வரும். வந்ததை இலத்திரன்களால் அடித்து உடைத்து, துண்டுகளின் நிறையைப் பார்த்து, இது இன்ன பொருள், இத்தனை வீதம் என்று அறிவார்கள். இரசாயன ஆய்வுகூடங்களில் உள்ள சாதாரண கருவிதான். இரகசியச் சூத்திரம் என்று பெட்டகத்தில் பூட்டி வைத்த காலம் அதோடு முடிந்தது.

ஆனால் கருவி எல்லாவற்றையும் சொல்லாது. யாழ்ப்பாணத்துக் கறித்தூளை யோசியுங்கள். செத்தல், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம் என்று ஆய்வுகூடம் பட்டியல் தரும். எந்த ஊர் மிளகாய், எவ்வளவு வறுத்தது, எந்த மில்லில் திரித்தது என்று தராது. பெரியம்மாவின் தூளும் கடைத்தூளும் பட்டியலில் ஒன்றுதான். இயற்கை எண்ணெய் ஒன்றில் நூற்றுக்கணக்கான பொருட்கள் இருக்கும். றோசா எண்ணெயில் மிகமிகச் சிறு அளவில் இருக்கும் டமசெனோன் என்ற பொருள், அதன் மணத்தில் பெரும் பங்கைத் தூக்கி நிறுத்துகிறது. இப்படியான பொடிப் பொருட்களை விட்டுவிட்டால் வாசம் தட்டையாகிவிடும். இன்னொரு தடையும் உண்டு. ஜிவோடான், சிம்றைஸ் போன்ற பெரிய வாசனை நிறுவனங்கள் தாங்கள் கண்டுபிடித்த சில மூலக்கூறுகளுக்குக் காப்புரிமை எடுத்து, வெளியாருக்கு விற்காமல் தங்கள் சொந்தப் பாவனைக்கு மட்டும் வைத்திருக்கும். காப்புரிமையின் காலம் 20 ஆண்டு. அதுவரை நகல் செய்கிறவர் அதற்குப் பதிலாக வேறொன்றைப் போட்டுச் சமாளிக்க வேண்டும்.

ஆகவே எந்தச் சென்றுக்கு நல்ல நகல் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். வலுவான செயற்கைச் சரக்கு சிலவற்றின் மேல் நிற்கிற வாசத்துக்கு நகல் இலகு. பெண்பிள்ளைகள் கேட்கும் பக்கறா றூஜ் 540 இதற்கு நல்ல உதாரணம். பக்கறா என்ற கண்ணாடி நிறுவனத்தின் 250ஆம் ஆண்டு நிறைவுக்காக பிரான்சிஸ் குர்க்ஜியான் செய்தது. 2015இல் பொதுச் சந்தைக்கு வந்தது. எரிந்த சீனியும் குங்குமப்பூவும் அம்பரும் கலந்த மாதிரி இருக்கும். அந்தச் சீனி வாசம் திருவிழாவில் விற்கும் பஞ்சுமிட்டாய்க்குப் போடும் எதைல் மல்ரோலின் வாசம்தான். உலகம் முழுக்க அதற்கு நகல்கள் குவிந்திருக்கின்றன, பலதும் நன்றாகவே இருக்கின்றன. மாறாக, உண்மையான மல்லிகையும் றோசாவும் தாராளமாகச் சேர்ந்த வாசத்தை மலிவில் பின்பற்ற முடியாது. ஒரு கிலோ றோசா எண்ணெய்க்கு மூன்று, நாலு ஆயிரம் கிலோ இதழ் வேண்டும். அந்த இதழை விடியற்காலையில் கையால் ஆய வேண்டும். தமிழ்நாட்டில் மதுரைப் பக்கமும் கோவைப் பக்கமும் பறிக்கும் மல்லிகையும் பிச்சியும் சாறாகி, பெரிய பிரெஞ்சு நிறுவனங்களின் போத்தல்களுக்குள் போகின்றன. பாரிஸ் கடையில் நாங்கள் மணந்து பார்ப்பதில் எங்கள் ஆட்களின் கைப்பறிப்பும் இருக்கலாம். அது பெட்டியில் எழுதப்பட்டிருக்காது.

இனி கணக்கு. 300 யூரோவில் முதலில் அரசாங்கத்தின் பங்கு: பிரான்சில் பெறுமதி சேர் வரி 20 வீதம், ஆகவே 50 யூரோ அதற்குப் போகும். மிச்சம் 250இல் கடையின் இலாபம், விளம்பரம், போத்தல், வாடகை, சம்பளம், நிறுவனத்தின் இலாபம், அப்புறம்தான் உள்ளே இருக்கும் திரவம். எது எவ்வளவு என்று எந்த நிறுவனமும் வெளியே சொல்லாது. ஆனால் ஒரு கணக்கு வெளியே வந்தது. 2023இல் கேரிங் என்ற பிரெஞ்சுப் பெருநிறுவனம் கிறீட்டை 3.5 பில்லியன் யூரோவுக்கு வாங்கியது. அந்த ஆண்டு மார்ச்சுடன் முடிந்த நிதியாண்டில் கிறீட்டின் விற்பனை 250 மில்லியன் யூரோவுக்குச் சற்று மேல் என்று அறிவித்தார்கள். இலாபம் அல்ல, மொத்த விற்பனை. அதன் பதினாலு மடங்கைக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

வர்த்தகம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: நன்மதிப்பு என்பதை மிகை இலாபத்தின் மூன்று ஆண்டுக் கொள்வனவு, ஐந்து ஆண்டுக் கொள்வனவு என்று பரீட்சையில் கணித்தோம். காணி, கட்டடம், இயந்திரம், இருப்பு எல்லாம் கழித்து மிஞ்சுவது நன்மதிப்பு, அதாவது பெயர். பரீட்சைத் தாளில் பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் வந்தால் பெரிய விஷயம். இங்கே பில்லியன் கணக்கில் பெயரை வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காசை எங்கிருந்து திருப்பி எடுப்பது? ஒவ்வொரு போத்தலிலும்தான். அன்னாசி வாசத்துக்கு நாங்கள் கொடுப்பது கொஞ்சம். கிறீட் என்று எழுதியதற்கும், 1760 முதல் இருக்கிறோம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதற்கும் கொடுப்பது அதிகம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நகைக்குச் செய்கூலி கொடுக்கிறோம், பட்டுக்கு ஊர்ப் பெயருக்காகக் கொடுக்கிறோம். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

வீட்டுக் கணக்கு இன்னும் இலகு. ஒரு அழுத்தலில் ஏறக்குறைய 0.1 மி.லீ. வரும். 100 மி.லீ. போத்தலில் ஆயிரம் அழுத்தல். அசல் ஓர் அழுத்தல் 30 சதம். நகல் ஓர் அழுத்தல் 3 சதத்துக்குச் சற்று மேல். ஒருவர் ஒரு நாளுக்கு ஐந்து தடவை அழுத்தி, ஆண்டில் 300 நாள் பாவித்தால், அசல் 450 யூரோ, நகல் 50 யூரோ. வித்தியாசம் 400 யூரோ. மாறாக, கலியாணம், திருவிழா, நேர்முகத் தேர்வு என்று ஆண்டுக்குப் பத்து நாள் மட்டும் பாவிக்கிறவருக்கு 50 அழுத்தல்தான், 5 மி.லீ.; அசலிலேயே 15 யூரோவோடு விஷயம் முடிந்தது. அவர் 100 மி.லீ. வாங்கி இருபது ஆண்டு அலுமாரியில் வைத்திருப்பதுதான் நட்டம். சின்னக் குப்பி கிடைக்குமா என்று கேட்பது வெட்கம் இல்லை. தினமும் வேலைக்கு அடிப்பதற்கு நகல், விசேடத்துக்குச் சிறு குப்பி அசல் என்று ஒரே வீட்டில் இரண்டையும் வைத்திருக்கிறவர்கள் உண்டு. எங்கள் கணக்கில் அதுதான் சரியாக வருகிறது.

இப்போது பொலிஸ் கேள்வி. வாசம் யாருக்குச் சொந்தம்? 2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரே வாரத்தில் இரண்டு நாடுகளின் உயர்ந்த நீதிமன்றங்கள் இதற்கு எதிரெதிர்ப் பதில் சொல்லின. 13ஆம் திகதி பிரெஞ்சு உயர்நீதிமன்றம், சென்றின் வாசம் ஒரு செய்முறை அறிவின் விளைவு, பதிப்புரிமை தருகிற கலைப் படைப்பு அல்ல என்றது. 16ஆம் திகதி நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், லங்கோமின் ட்ரெசோர் வாசத்துக்குப் பதிப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. வாசனைத் திரவியத்தின் தாய்நாடு என்று சொல்கிற பிரான்ஸ் 'இல்லை' என்றதும், ரியூலிப் விற்கிற நாடு 'ஆம்' என்றதும் வேடிக்கைதான்.

விற்கிற முறைக்கு ஐரோப்பாவில் வேறு கட்டு இருக்கிறது. லோறியலுக்கும் பெல்யூர் என்ற நகல் வியாபாரிக்கும் நடந்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2009 ஜூன் 18இல் தீர்ப்புச் சொன்னது. இந்த நம்பர் போத்தல் இன்ன பிரபல சென்றைப் போன்றது என்று ஒப்பீட்டுப் பட்டியல் அச்சடித்துக் கொடுத்தார்கள் அந்த வியாபாரிகள். அப்படிப் பிரபல பெயரைக் காட்டி, இது அதன் நகல் என்று விளம்பரப்படுத்துவது அந்தப் பெயரின் மதிப்பில் நியாயமற்ற இலாபம் எடுப்பது என்றது நீதிமன்றம். அதனால்தான் ஆர்மாஃப் பெட்டியில் அவென்ரஸ் என்ற பேச்சே இராது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1968இலேயே ஷனெல் நம்பர் 5க்கு நகல் விற்ற ஒருவர், பொய் சொல்லாமலும் வாங்குகிறவரைக் குழப்பாமலும் இருந்தால் அந்தப் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்யலாம் என்று அங்கே தீர்ப்பு வந்தது. கனடாவில் இருக்கிற உறவினர் அமெரிக்க நகல் போத்தல் ஒன்றின் விளம்பரத்தை அனுப்பி, "இஞ்சை பெயரையே போட்டு விக்கிறாங்கள்" என்றால் காரணம் அதுதான்.

ஆக, நகலை வாங்குவதிலும் வைத்திருப்பதிலும் பாவிப்பதிலும் குற்றம் எதுவும் இல்லை. போலி அப்படியல்ல. பிரான்சில் போலிப் பொருளை வைத்திருப்பதே குற்றம். சட்டத்தில் உள்ள உச்சத் தண்டனை 3 ஆண்டுச் சிறையும் 300,000 யூரோத் தண்டமும். ஒரு போத்தலுக்காக ஒருவரும் சிறை போகப் போவதில்லை. பறித்துவிட்டுத் தண்டம் எழுதுவார்கள். ஆனால் வதிவிட அனுமதி புதுப்பிக்கக் காத்திருக்கிற, பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிற குடும்பத்தில் ஒரு பொலிஸ் பதிவு எவ்வளவு பெரிய தலையிடி என்று எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. ஊரிலிருந்து திரும்பும்போது சந்தையில் மலிவாய் வாங்கிய 'கிறீட்' ஐந்தாறைப் பெட்டியில் கொண்டுவருவதும் இதே ஆபத்துத்தான். ஆர்மாஃப் ஐந்தாறு கொண்டுவந்தால் அந்த ஆபத்து இல்லை.

போலியில் உடம்புக்கும் பாதுகாப்பில்லை. ஐரோப்பாவில் விற்கும் எந்த அழகுசாதனப் பொருளிலும் பொறுப்பானவரின் பெயர், விலாசம், உள்ளடக்கப் பட்டியல், தொகுதி இலக்கம் இருக்க வேண்டும். நகலை வாங்கும்போதும் இந்த நாலையும் பெட்டியில் தேடுங்கள். இருந்தால், ஏதும் நடந்தால் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். பட்டியலில் பியூற்றைல்பினைல் மெதைல்புரோபியனல் என்ற நீண்ட பெயர் இருந்தால் அந்தப் போத்தலை வாங்க வேண்டாம். லிலியால் என்று அழைக்கப்படும் இது 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. வேறு நாட்டுப் பழைய இருப்பில் இன்னும் வரலாம். ஓக் மரப் பாசியின் சாறும் ஒவ்வாமை காரணமாகக் கடும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 'அந்தக் காலத்து வாசம் இப்ப இல்லை' என்று அசலைப் பற்றியே பழைய ஆட்கள் குறைப்படுவதற்கு இந்தக் கட்டுப்பாடுகளும் ஒரு காரணம். அசல் என்பதும் மாறாத ஒன்றல்ல. அவென்ரஸ் தொகுதிக்குத் தொகுதி சற்று மாறும் என்பது அதைப் பாவிக்கிறவர்கள் மத்தியில் தீராத வாக்குவாதம்.

பார்த்துச் செய்வது இன்று தொடங்கியதும் அல்ல. கொற்றியின் ஷீப்ர் 1917இல் வந்தது. அதே பாசியும் பேர்கமொட்டும் கொண்ட அடித்தளத்தில் பீச் பழத்தைச் சேர்த்து கெர்லான் 1919இல் மிற்சுகோவைக் கொண்டுவந்தது. இன்று இரண்டையும் மேதைமை என்கிறார்கள். இன்னும் கிட்ட வருவோம். தொண்ணூறுகளில் விமான நிலையக் கடையில் எம்மவர் வாங்கிய நீலப் போத்தல், டேவிடோஃபின் கூல் வோட்டர், நினைவிருக்கும். அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டு முதல் தடவை பயணம் போனவர்களின் பெட்டியில் அது இல்லாமல் இராது. 1988இல் வந்த அந்தச் சென்ற், 1985இல் கிறீட் வெளியிட்ட கிறீன் ஐரிஷ் ருவீட்டுக்கு மிகக் கிட்ட என்பது சென்ற் பிரியர்கள் நெடுங்காலமாகச் சொல்வது. அப்படிப் பார்த்தால் எங்களில் பலர் முப்பது ஆண்டுக்கு முன்பே கிறீட்டின் ஒன்றுவிட்ட தம்பியைத் தெரியாமலே பூசிக்கொண்டு திரிந்திருக்கிறோம். அன்றைக்கு ஒருவரும் டூப் என்று சிரிக்கவில்லை. இன்றைக்குக் கலியாண மண்டபத்தில் ஒருவர் மற்றவரின் தோளை மணந்து "ஒறிஜினலோ?" என்று கேட்கிறார். பதில் சொல்ல வேண்டிய கேள்வி அல்ல அது.

எங்கள் வீடுகளில் சென்றுக்கு வேறொரு வேலையும் இருக்கிறது, அதைக் கதைக்க எம்மவர் கூச்சப்படுவார்கள். ஒற்றை அறையில் சமைத்து, அதே அறையில் கோட்டைத் தொங்கவிட்டு வாழ்ந்த காலம் எல்லாருக்கும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் கோட் மணக்கிறது என்று யாரோ சொன்னதற்காக, காலையில் தாய் அதன்மேல் சென்றை அடித்து அனுப்பிய வீடுகளை எங்களுக்குத் தெரியும். இன்றும் அந்தப் பயத்தில் பத்து, பதினைந்து அழுத்தல் அடிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். இதற்கு அசலும் உதவாது, நகலும் உதவாது. தாளித்த எண்ணெயின் ஆவி கம்பளித் துணியில் படிந்தால், சென்ற் அதை அகற்றுவதில்லை. மேலே இன்னொரு வாசத்தைக் கூட்டுகிறது. மேல்வாசம் பறந்ததும் கீழ்வாசம் திரும்பி வரும். கோட்டை அறைக்கு வெளியே, கதவு மூடிய இடத்தில் வைப்பதும், வெளிக்காற்றில் தொங்கவிடுவதும், சமைக்கும்போது யன்னலைத் திறப்பதும் முந்நூறு யூரோப் போத்தலைவிட நல்ல பலன் தரும். தோலில் இரண்டு, மூன்று அழுத்தல் போதும். வைத்தியசாலையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்கிறவர்கள் அதையும் விடுவது நல்லது. மூச்சு வருத்தக்காரருக்கு அசலும் நகலும் ஒன்றுதான்.

வீட்டில் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. இரண்டு காகிதத் துண்டின் அடியில் 1, 2 என்று எழுதி, ஒருவர் இரண்டிலும் தனித்தனியே அடித்து மாற்றி வைக்க வேண்டும். எது எது என்று தெரியாதவர்தான் மணக்க வேண்டும். உடனே ஒரு தரம், அரை மணியில் ஒரு தரம், நாலு மணித்தியாலத்தில் ஒரு தரம். இடையில் கோப்பிக்கொட்டை மணப்பது கடைக்காரர் பழக்கம். யன்னலடியில் வெறுங்காற்றை இழுத்தாலே மூக்குத் தெளியும். தான் பூசியதைத் தானே மதிப்பிடக் கூடாது, அரை மணியில் எங்கள் மூக்கு அதற்குப் பழகி 'போய்விட்டது' என்று சொல்லும், பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாக மணக்கும்போதே. போத்தலைக் குளியலறையில் வைக்க வேண்டாம். வெயிலும் வெக்கையும் ஈரமும் முதலில் அந்தப் பழவாசத்தைத்தான் கெடுக்கும். அலுமாரிக்குள் பெட்டியோடு வைத்தால் போதும்.

ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல விமான நிலையங்களில் கைப்பொதியில் ஒரு போத்தலின் கொள்ளளவு 100 மி.லீ.க்கு மேற்படக் கூடாது என்ற விதி இன்னமும் இருக்கிறது. ஆர்மாஃப் போத்தல் 105. பாதி முடிந்திருந்தாலும் போத்தலின் அளவைத்தான் பார்ப்பார்கள், ஐந்து மி.லீ.க்காகப் பறிகொடுக்க நேரிடும். அதைப் பெரிய பெட்டிக்குள், உடுப்புக்கு நடுவில் வைக்க வேண்டும். அங்கேயும் ஒரு போத்தல் அரை லீற்றருக்கு மேற்படாமல், சவரப் பசை, மயிர் ஸ்பிறே எல்லாம் சேர்த்து ஆளுக்கு மொத்தம் இரண்டு லீற்றர் வரைதான். இருபது போத்தல் கட்டும்போது, அதை இரண்டு பேருடைய பெட்டியில் பிரித்துக் கட்டுங்கள்.